பம்பர் கழற்றிய பிளிமத்

லண்டனின் செவன் கிங்ஸில் வாழும் அருட்பிரகாசத்தின் வீட்டில் சட்டம் ஒன்றுதான். ஒரு காரியம் முடிந்து, கையெழுத்தாகி, மை காய்ந்த பிறகுதான் அதைப்பற்றி வாய் திறக்கலாம். அதுவரை மூச்சு விடக் கூடாது. மோசே மலையிலிருந்து கொண்டுவந்த பத்துக் கட்டளைகளுக்கும் அந்த வீட்டில் அவ்வப்போது விதிவிலக்கு உண்டு. இந்தப் பதினோராவதுக்கு இல்லை.

கண்ணூறு, நாவூறு என்பவற்றைத் திருச்சபை ஏற்றுக்கொள்வதில்லை. லண்டன் வாழ் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர்களும் ஏற்றுக்கொள்வதில்லை. பயப்படுகிறார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய கோயில் பங்கில் ஓர் ஒக்டோபர் மாதம், மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு செபமாலைக் குழு ஒரு வீட்டுக்குப் போய் மணி அடித்தது. கதவைத் திறந்தவர் ஒரு போலந்துக்காரர். வீட்டுக்காரர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்ச் சேர்ந்து மூன்று கிழமை. போவதற்கு முந்திய ஞாயிறுதான், மாதாவை யார் வீட்டுக்கு அனுப்புவது என்ற கூட்டத்தில், "எங்கட வீட்டுக்குக் கொண்டுவாங்கோ" என்று கையை உயர்த்தியிருந்தார். கையை உயர்த்தாவிட்டால் சந்தேகம் வருமல்லவா? போலந்துக்காரரும் நல்ல கத்தோலிக்கர். மாதாவைக் கண்டதும் முழங்கால் போட்டு உள்ளே எடுத்துக்கொண்டார். திருப்பி வாங்கப் பட்ட பாடு பெரும்பாடு.

அருட்பிரகாசம் இந்தச் சட்டத்துக்கு வந்தது அனுபவத்தால். முதன்முதல் வீடு வாங்கப் பார்த்தபோது, பங்குச் சபையின் நிரந்தரத் தலைவரான செபமாலைமுத்துவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். "நல்ல வீடாமே?" என்றார் அவர். அந்தக் கிழமையே விற்பவர் மனம் மாறிவிட்டார். பிறகு மகள் பெனிற்றாவுக்கு டூட்டிங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அதையும் யாரோ "நல்ல இடமாமே" என்றார்கள். சம்பந்தம் வந்த வழியே போய்விட்டது. அன்றைக்கு இரவு சாப்பாட்டு மேசையில் அருட்பிரகாசம் பிரகடனம் செய்தார்.

"இனி இந்த வீட்டில ஆர் என்ன செய்தாலும், முடிஞ்ச பிறகுதான் கதை. விளங்குதோ?"

"விளங்குது" என்றாள் மனைவி கத்தரின்.

"ஓகே, அப்பா" என்றாள் பெனிற்றா.

இருவருக்கும் எவ்வளவு நன்றாக விளங்கியது என்பதை அவர் பின்னால் அறிந்துகொள்வார்.

அருட்பிரகாசத்துக்கு உத்தியோகம், றொம்ஃபோர்ட் வீதியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளர். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபடி வருடக்கணக்காக லண்டன் மாநகரத்துடன் உறவாடி வந்தார். மாநகரம் அவருடன் இலக்கங்களில்தான் பேசும். "நாலு" என்பார்கள். "ஆறு" என்பார்கள். பம்ப் இலக்கத்துக்கு மேல் ஒரு சொல் சொன்னவர்கள், கழிப்பறை எங்கே என்று கேட்டவர்கள் மட்டுந்தான். யாரும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஒருமுறை அவருடைய சொந்த ஞானஸ்நானப் பிள்ளையே வந்து, "ரெண்டு" என்று காசு கட்டிவிட்டுப் போனான்.

அப்படியிருக்க ஒரு நாள், இரண்டாம் பம்ப்பில் ஒரு பழைய அமெரிக்கக் கார் வந்து நின்றது. கப்பல்போல நீளம். வாயெல்லாம் பல்லாக முன்பக்கம். பெற்றோல் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் குழாயை விட்டுவிட்டுப் படம் எடுத்தார்கள். பஸ்ஸை மறித்து நிறுத்திவிட்டு ஒரு சாரதி எட்டிப் பார்த்தார். காசு கட்ட வந்த ஒரு பெண், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த அருட்பிரகாசத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் காருக்கு எண்ணெய் விற்றதால் அவரும் அதற்கு ஏதோ தூரத்து உறவாகிவிட்டதுபோல.

அந்தச் சிரிப்புத்தான் அவரைக் கெடுத்தது.

பங்கில் அப்போது கலியாண ஊர்வலங்கள் போட்டியாக நடந்துகொண்டிருந்த காலம். செபமாலைமுத்துவின் மூத்த மகள் வெள்ளை லிமோசினில் வந்தாள். வண்டி நீளம் தாங்காமல் கோயிலுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கையின் திருப்பத்தில் இறுகிக்கொள்ள, மணமகள் மிச்சத் தூரத்தை நடந்தாள். அடுத்தவர் இரண்டு வெண்குதிரை பூட்டினார். அதிலொன்று கோயில் வாசலில், பங்குச் சுவாமியார் வாழ்த்துரை வழங்கும்போது, தன் அபிப்பிராயத்தைத் தரையில் விட்டது. இன்னொருவர் ஹெலிகொப்டர் என்று கதைத்துக்கொண்டிருந்தார். அருட்பிரகாசம் எல்லாக் கலியாணத்துக்கும் போனார், எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே குறையைக் கண்டார். எல்லாம் வாடகை. சாப்பாடு முடிய முதல் வண்டிக்காரன் மணிக்கூட்டைப் பார்ப்பான்.

தன்னுடைய மகளைச் சொந்தக் காரில், தானே ஓட்டிக்கொண்டுபோய் இறக்குவது என்று முடிவெடுத்தார். அதுவும் அமெரிக்கக் கார். அமெரிக்கக் காரில் சாரதி இருப்பது இடப்பக்கம். லண்டனில் இடப்பக்கம் நடைபாதை. கோயில் வாசலில் நிறுத்தி இறங்கினால் நேரே நடைபாதை; கையை நீட்டினால் பின்கதவு; திறந்தால் பெனிற்றா. பங்கு முழுவதும் வாசலில் நின்று பார்க்கும். பம்ப் இலக்கம் கேட்காமல், முகத்தைப் பார்க்கும்.

மாப்பிள்ளை என்று ஒருவர் இன்னும் அகப்படவில்லைத்தான். அது சின்ன விசயம். மகளுக்கு இருபத்தொன்பது வயது, ஆஸ்பத்திரியில் மருந்தாளர், வாய் திறந்து எதையும் கேட்காத பிள்ளை. கார் முதலில் வரட்டும்.

காரைக் கண்டுபிடித்தது நிர்மலன். ரயில் பாலத்துக்குக் கீழே சொந்தமாக ஒரு கராஜ் நடத்துபவன். நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கத் தெரிந்தவன் என்பதால் அருட்பிரகாசம் அவனை மட்டும் இரகசியத்தில் சேர்த்தார். எசெக்ஸ் கிராமம் ஒன்றில், கோழிகளுக்கும் வைக்கோலுக்கும் நடுவில், அறுபதுகளில் செய்த பிளிமத் ஒன்று கிடந்தது. நாலு கதவு. மங்கிப்போன நீலப்பச்சை. கியர் தடி இல்லை; சாரதியின் இடது கைப்பக்கம் ஐந்து பொத்தான், றேடியோவில் இருப்பதுபோல. பொத்தானை அமத்தினால் கியர் மாறுமாம். மாறிய காலம் ஒன்று இருந்ததாம்.

"கொஞ்சம் துரு இருக்கிறது" என்றார் சொந்தக்காரரான கிழ வெள்ளைக்காரர், தேத்தண்ணீரை நீட்டியபடி. ஆங்கிலேயரின் 'கொஞ்சம்' என்ற அளவை உலகத்தில் பாதிப் பேர் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அவர்கள் 'கொஞ்ச நாள்' தங்கிவிட்டுப் போகிறோம் என்று வந்த நாடுகள் எத்தனை! அருட்பிரகாசம் கதவைத் திறந்து ஏறி, காலை வைத்தார். கால் நேரே போய் வைக்கோலில் நின்றது. நடுவில் தரை என்று ஒன்று இருக்கவில்லை. சமையலறை யன்னலுக்குள் கிழவரின் மனைவி, இந்தக் கரிய மனிதர் மனம் மாறிப் போய்விடக் கூடாதே என்று கர்த்தரை வேண்டிக்கொள்வதுபோல நின்றாள்.

நிர்மலன் காதுக்குள் சொன்னான்: "அண்ணை, உது கார் இல்லை. காரின்ர பிரேதம்."

"பிரேதத்தை எழுப்பினவரைத்தான் ஞாயிறு ஞாயிறு கும்பிடுறம். நீ ஏத்து."

ஏற்றினார்கள். குட்ஸ்மேஸ் பக்கம், அடுக்குமாடிகளுக்குப் பின்னால் வாடகைக்குப் பிடித்த தகரக்கதவுக் கொட்டிலுக்குக் கொண்டுவந்தபோதுதான் முதற் சோதனை. கொட்டிலைக் கட்டிய கவுன்சில், ஆங்கிலேயரின் சின்னக் கார்களை மனதில் வைத்துக் கட்டியிருந்தது. பிளிமத்தை உள்ளே தள்ளினால் பின்பக்கம் ஒரு முழம் வெளியே நின்றது. கதவு சாத்தாது. கதவு சாத்தாத இரகசியம் எங்கே நிற்கும்? செபமாலைமுத்துவின் மச்சாள் அந்த மாடியில்தான் இருக்கிறாள்.

நிர்மலன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "முன் பம்பரையும் பின் பம்பரையும் கழட்டினா மட்டுமட்டாப் போகும், அண்ணை."

போனது. மட்டுமட்டாகத்தான். கதவு சாத்தும்போது காரின் மூக்கு சுவரை முத்தமிட்டது. ஆனால் ஆளுயர நீளத்தில் இரண்டு குரோம் பம்பர்கள் மிஞ்சின. கொட்டிலில் வைத்தால் நடக்க இடமில்லை. அருட்பிரகாசம் அவற்றைப் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, தங்கள் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்த நாள் காலை கத்தரின் அதில் கால்விரலை மோதினாள்.

"யேசுவே! இதென்னப்பா?"

"வேலைத்தலத்துச் சாமான். கொஞ்ச நாளைக்கு வைக்கச் சொன்னவங்கள்."

கத்தரின் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். குரோமில் அவளுடைய முகம் அகலமாகத் தெரிந்தது. "சரி" என்றாள்.

ஒரு வெண்டைக்காயைக்கூட நாலு கேள்வி கேட்டு வாங்குகிற பெண் அவள். அப்படிப்பட்டவள் தன் கட்டிலுக்குக் கீழே ஒரு பம்பர் கிடக்க, 'சரி' என்று ஒற்றைச் சொல்லோடு போனால், அறிவுள்ள கணவன் அந்த இடத்திலேயே நெஞ்சில் கைவைத்து உட்கார வேண்டும். அருட்பிரகாசம் தான் தப்பிவிட்டதாக நினைத்து மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். ஒளிக்கிற பொருள் வைத்திருப்பவர்தான் மற்றவரிடம் கேள்வி கேட்கமாட்டார் என்பது அவருக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் அது அவரே போட்ட சட்டம்.

சனிக்கிழமைகளில் வேலையை விட்டார். வீட்டாரின் கணக்கில் மட்டும் விடவில்லை. சனிக்கிழமை காலை சீருடையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பெட்டியோடு, "ஷிப்டுக்குப் போட்டு வாறன்" என்று புறப்படுவார். மாலையில் உடம்பெல்லாம் எண்ணெய் நாற்றத்தோடு வருவார். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்பவனிடம் பெற்றோல் மணப்பதை எந்த மனைவி சந்தேகிக்க முடியும்? இவ்வளவு பொருத்தமான பொய் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கொட்டிலுக்குள் பிரேதம் மெல்ல மெல்ல உயிர்த்தது. அருட்பிரகாசத்திடம் இருந்த மில்லிமீற்றர் ஸ்பனர்கள் ஒன்றும் அதன் நட்டுகளுக்குப் பிடிக்கவில்லை. நட்டெல்லாம் அங்குலக் கணக்கு. புதிதாக ஒரு தொகுதி வாங்கினார். துருவை வெட்ட வெட்ட, கார் எது துரு எது என்ற தத்துவப் பிரச்சினை எழுந்தது. நிர்மலன் தரைக்குப் புதுத் தகடு ஒட்டினான். அருட்பிரகாசம் மல்லாந்து கிடந்து பழைய பெயின்ற்றைச் சுரண்டினார். கண்ணுக்குள் விழுந்தது, வாய்க்குள் விழுந்தது. ஆசனத்துக்கு உறை தைப்பதற்கு இல்ஃபோர்டில் சாரிச் சட்டை தைக்கும் துஷ்யாவிடம் போனார். வீட்டுச் சோபாவுக்கு என்று சொல்லி வைத்தார். வெண்ணெய் நிற ரெக்சினை விரித்து அளவைப் பார்த்த துஷ்யா, "சோபாவுக்கு ஏன் அண்ணை சீற் பெல்ற் ஓட்டை?" என்று கேட்டாள். "எங்கட வீட்டில விழுந்து விழுந்து சிரிக்கிறவை" என்றார் அருட்பிரகாசம். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல பகிடி அது. சிரிக்க அவருக்கு நேரமிருக்கவில்லை.

முதன்முதல் எஞ்சினை இயக்கிப் பார்த்த அன்று, கோயிலில் இருந்து சோடாப் போத்தலில் கொண்டுவந்த தீர்த்தத்தைத் தெளித்தார். பிறகு அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, முன் ரயர் இரண்டுக்கும் கீழே ஒவ்வொரு தேசிக்காய் வைத்தார்.

"அண்ணை, நீங்கள் வேதக்காரர் எல்லோ?"

"தீர்த்தம் எஞ்சினுக்கு. தேசிக்காய் கண்ணூறுக்கு. ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்ட்."

எஞ்சின் ஒருமுறை இருமியது. நெடுநேரம் யோசித்தது. பிறகு அடங்கிவிட்டது. தேசிக்காய்கள் நசியாமல் அப்படியே கிடந்து, குளிர்காலம் முழுவதும் காய்ந்து, கடைசியில் கொட்டைப் பாக்கு அளவுக்கு வந்தன. ஒவ்வொரு சனியும் அவற்றைத் தாண்டித்தான் அருட்பிரகாசம் வேலைக்கு இறங்குவார்.

மே மாதம் பிறந்தபோது எஞ்சின் ஓடத் தொடங்கியிருந்தது. அதை நிறுத்துவதுதான் மிச்சம். பிறேக்குக் குழாய்கள் எல்லாம் புதிது. உள்ளே எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அருட்பிரகாசம் உள்ளேயிருந்து மிதிக்க, நிர்மலன் சில்லடியில் கிடந்து திருகாணியைத் திறந்து காற்றை விட்டு மூடுவான். மிதித்த காலை மூடுவதற்கு முன் எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். எல்லாம் முதலிலிருந்து.

"அமத்துங்கோ, அண்ணை... பிடியுங்கோ... பிடியுங்கோ..."

சில்லடியில், சாமான் பெட்டிமேல் கிடந்த அருட்பிரகாசத்தின் போன் அதிர்ந்தது.

"போன் அடிக்குது" என்றான் நிர்மலன், கீழேயிருந்து.

"அடிக்கட்டும்."

"பெனிற்றா எண்டு தெரியுது."

"இப்ப காலை எடுத்தா முழுக்க வீண். நீ திற."

போன் நின்றது. திரும்ப அடித்தது. காலை அவர் எடுக்கவில்லை. நாலு சில்லும் முடிந்து, மிதிகட்டை கல்லுப்போல இறுகிய பிறகுதான் கையைத் துடைத்துவிட்டுப் போனைப் பார்த்தார். பெனிற்றா மூன்று முறை அழைத்திருந்தாள். 'ஷிப்டில் நிற்கிறேன் பிள்ளை, சனம் கூட. பிறகு எடுக்கிறேன்' என்று எழுதி அனுப்பினார். 'ஓகே அப்பா' என்று பதில் வந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போனால், சாப்பாட்டு மேசையில் ஒரு கேக். வெள்ளை ஐசிங், நடுவில் ஒரு சின்ன வெள்ளி மணி. பாதி வெட்டியிருந்தது.

"ஆற்ர கேக்?"

"வேலையில குடுத்தவை" என்றாள் பெனிற்றா. தலையில் ஒரு முழம் மல்லிகைப்பூ இருந்தது. சாரி கட்டின நாட்களில் மட்டும் வைப்பாள். வேலையில் ஏதோ விழாவாக்கும் என்று அவர் நினைத்தார்.

ஒரு துண்டு சாப்பிட்டார். "ஐசிங் இனிப்புக் கூட. மற்றும்படி பறவாயில்லை."

"அப்பா, இண்டைக்கு எங்க நிண்டனீங்கள்?"

"எங்க நிக்கிறது? ஷிப்டிலதான். கால் ரெண்டும் விட்டுப்போச்சு." அதில் பாதி உண்மை.

பெனிற்றா தாயைப் பார்த்தாள். தாய் புட்டை அவித்துக்கொண்டிருந்த நீராவியைப் பார்த்தாள். பிறகு பெனிற்றா எழுந்து, இன்னொரு துண்டு வெட்டி, தகப்பனுடைய தட்டில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அருட்பிரகாசம் அதையும் சாப்பிட்டார்.

செப்டெம்பரில், மாதா பிறந்த நாள் திருநாள் வந்த கிழமை, பிளிமத் முடிந்தது. வெண்ணெய் நிறம். வெள்ளை வளையம் போட்ட ரயர்கள். அருட்பிரகாசத்தின் டீசல் ரொயோட்டா தெருவில் இறங்கினாலே நாளாந்தம் புகைவரி கட்ட வேண்டும். இந்தப் பிளிமத் முன்னும் பின்னும் புகை விட்டாலும், வயது நாற்பதைத் தாண்டியதால், வரி கிடையாது. லண்டனில் வயது போனதற்காக மரியாதை கிடைக்கும் ஒரே சீவன் அதுதான். புதிதாக இரண்டு தேசிக்காய் வைத்தார். பொத்தானை அமத்தினார். நசிந்தன. அருட்பிரகாசம் இறங்கிப் போய் அந்தச் சாற்றைப் பார்த்து அழுதார். நிர்மலன் வேறு பக்கம் திரும்பிச் சாமான்களைப் பொறுக்கினான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவியையும் மகளையும் ரொயோட்டாவில் ஏற்றி, நேரே கொட்டிலுக்கு விட்டார்.

"எங்கயப்பா போறம்?" என்றாள் கத்தரின்.

"முடிஞ்ச பிறகுதான் சொல்லுறது. முடிஞ்சுது."

பம்பர்களை முதல் நாளே கொண்டுபோய்ப் பூட்டியிருந்தார். ஆகவே கார் கொட்டிலுக்கு முன்னால், வெளியில், துணி மூடி நின்றது. அவர் சீருடை இல்லாமல் கோட்டுப் போட்டிருந்தார். துணியை இழுத்தார். வெயிலும் அந்த நேரம் பார்த்து, லண்டன் வழக்கத்தை மீறி, அடித்தது.

"பிள்ளை, உனக்குத்தான்" என்றார். "உன்ர கலியாணத்துக்கு. நான்தான் ஓடுவன். இந்தப் பக்கத்தால இறங்கி, இப்பிடிக் கதவைத் திறப்பன்." திறந்து காட்டினார். "செபமாலைமுத்து அண்ணை வாசலில நிண்டு பாக்கட்டும். ஒரு வருசமாச் செய்தது. சனிக்கிழமை ஷிப்ட் எண்டது பொய். இஞ்சதான் நிண்டனான்."

பெனிற்றா வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, அருட்பிரகாசமும் மூக்கை உறிஞ்சினார். கத்தரினைப் பார்த்தார். கத்தரின் பம்பரைப் பார்த்தபடி நின்றாள். பழகிய பம்பர்.

"சொல்லன் பிள்ளை" என்றாள் கத்தரின், பம்பரிடம் பேசுவதுபோல. "இனி என்ன."

"அப்பா... நாங்கள் எழுதிப்போட்டம்."

"என்ன எழுதினது?"

"எழுத்து. ரெஜிஸ்ட்ரேஷன். ஷங்கரோட. மே மாசம்."

ஷங்கர் என்ற பெயரை அருட்பிரகாசம் முதன்முதல் கேட்டது அப்போதுதான். கோயம்புத்தூர்ப் பையன். வங்கியில் கொம்பியூட்டர் வேலை. வேதக்காரன் இல்லை, இந்து. கோயிலும் வேண்டாம், கோவிலும் வேண்டாம், எழுத்தோடு போதும் என்று இருவரும் முடிவெடுத்துவிட்டார்கள். ஹவுன்ஸ்லோவில் வீடு எடுத்தாயிற்று. அடுத்த மாதம் போகிறாள். எல்லாவற்றையும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். பாதி இங்கிலீசு, பாதி அழுகை.

"எனக்குச் சொல்லேல்லை" என்றார் அருட்பிரகாசம். பிறகு கத்தரினைக் காட்டினார். "கொம்மாவுக்குத் தெரியும். எனக்குச் சொல்லேல்லை."

"நீங்கள்தானே அப்பா, முடியுமட்டும் வாய் திறக்கப்படாது எண்டு..."

"அது வெளியாக்களுக்கு!"

"நீங்கள் எங்களுக்குச் சொன்னீங்களா?" பெனிற்றா காரைக் காட்டினாள். பிறகு குரல் இறங்கியது. "அண்டைக்கு எனக்கு மனம் கேக்கேல்லை, அப்பா. காலமை வெளிக்கிட்ட பிறகு, அப்பா இல்லாமப் போகேலாது எண்டு அம்மாட்டச் சொன்னனான். உங்களுக்குப் போன் எடுத்தனான். எடுக்கேல்லை. சரி, நேர போய்க் கூட்டிக்கொண்டு வருவம் எண்டு, சாரியோட உங்கட ஸ்டேஷனுக்கு வந்தம், நானும் அம்மாவும். அங்க நிண்ட பெடியன் சொன்னான், அவர் சனிக்கிழமையில வேலை செய்யிறேல்லை, மாசக்கணக்காச்சு எண்டு. பிறகு உங்கட மெசேஜ் வந்தது. ஷிப்டில நிக்கிறேன், சனம் கூட எண்டு. அதை அந்தக் கண்ணாடிக்கு முன்னால நிண்டுதான் வாசிச்சனான்."

அருட்பிரகாசம் திறந்த பின்கதவைப் பிடித்தபடி நின்றார்.

"வேற ஆரோ இருக்கு எண்டு நினைச்சம்" என்றாள் கத்தரின். "கட்டிலுக்குக் கீழ கிடந்த பம்பர்தான் அது எண்டு ஆருக்குத் தெரியும்?"

"கேக்..." என்றார் அவர்.

"ஓம், அப்பா. அதுதான்."

ஐசிங் இனிப்பென்று குறை சொன்னது அவருக்கு நினைவு வந்தது. ஒரு தகப்பன் அந்த இடத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் எத்தனையோ உண்டு. சாட்சிக் கையெழுத்து ஆர் போட்டது? பெடியன்ர தாய் தகப்பன் ஆர்? அருட்பிரகாசம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"பிறகு எதில போனீங்கள்?"

"பஸ்ஸில. எண்பத்தாறில. டாக்ஸி பாக்க நேரமில்லை. மேல்தட்டில இருந்து போனம்."

ஷங்கர் அடுத்த ஞாயிறு பழக்கூடையோடு வந்தான். மரியாதையான பையன், சண்டை பிடிக்க ஒரு இடமும் வைக்கவில்லை. காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "செம்மையா இருக்கு, அங்கிள். மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?"

"கலனுக்குப் பதினைஞ்சு மைல்" என்றார் அருட்பிரகாசம்.

"ஆமா, கொஞ்சம் கஷ்டம்தான்" என்று அனுதாபப்பட்டான் மருமகன்.

ஒருநாள் ஹவுன்ஸ்லோவுக்கு இந்தக் காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் மகளிடம் கேட்டுப் பார்த்தார். சாமான் நிறைய இருக்கிறது, வான் பிடித்தாயிற்று என்றாள். காரில் ஏறவில்லை. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவர் பெற்றோல் நிலையத்துப் பெடியனிடம் ஒருமுறை விசாரித்தார். "வெள்ளைச் சாரி கட்டின பிள்ளையோ? கனநேரம், அண்ணை. பம்ப் நம்பர் கேட்டனான், பதில் சொல்லேல்லை" என்றான்.

கட்டிலுக்குக் கீழ் இப்போது ஒன்றும் இல்லை. கத்தரின் வித்துவிடுங்கோ, இல்லாட்டி உழைக்க விடுங்கோ என்றாள். விற்பதற்கு அவருக்குக் கை வரவில்லை. நிர்மலன் கலியாணக் கார்கள் வாடகைக்கு விடும் ஓர் இணையப்பக்கத்தில் படத்தைப் போட்டான். சொந்தக்காரர் பெயர் போடவில்லை. சாரதியோடு என்று மட்டும் போட்டான்.

இப்படியாக, அடுத்த வைகாசியில், செபமாலைமுத்துவின் இளைய மகளை ஏற்றிக்கொண்டு வெண்ணெய் நிறப் பிளிமத் கோயில் வாசலில் வந்து நின்றது. கறுத்தக் கோட்டும் தொப்பியுமாகச் சாரதி இறங்கினார். இறங்கினால் நேரே நடைபாதை. கையை நீட்டினால் பின்கதவு. திறந்தால் இன்னொருவர் மகள். பங்கு முழுவதும் வாசலில் நின்று பார்த்தது, காரை. ஒருவர் பின்சில்லடியில் குனிந்து தன் முகத்தைக் குரோமில் பார்த்துத் தலைமயிரைச் சரிசெய்தார்.

"டிரைவர் அண்ணை, ஒருக்காத் தள்ளி நில்லுங்கோ, ஃபிரேமுக்கை வாறீங்கள்" என்றான் படக்காரன்.

தள்ளி நின்றார்.

செபமாலைமுத்து அப்போதுதான் தொப்பிக்குக் கீழே இருந்த முகத்தை அடையாளம் கண்டார். "அட, அருட்பிரகாசம்! நீயோ உந்தக் காரை ஓடுறாய்? பெற்றோல் ஷெட்டை விட்டிட்டியோ?"

"இல்லை, அண்ணை. சனிக்கிழமையில மட்டும்."

"நல்ல காராமே!" செபமாலைமுத்து பொனற்றைத் தடவினார். "எனக்கெண்டால் இது உன்ரயோ எண்டு ஒரு நிமிசம்... ஆற்ர கார்?"

அருட்பிரகாசம் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டு, திரும்பப் போட்டார்.

"ஒரு வெள்ளைக்காரன்ர. தன்ர மகளின்ர கலியாணத்துக்கெண்டு கிடந்து செய்தவனாம்."

"அப்ப அந்தப் பிள்ளை இதிலதான் போனதாக்கும்?"

"இல்லை, அண்ணை" என்றார் அருட்பிரகாசம், பின்கதவைச் சாத்தியபடி. "அது பஸ்ஸில போனதாம்."